அரை ஓம், முக்கால் ஓம்

'ஓம்' என்ற சொல்லை அவள் இலேசில் நம்பமாட்டாள். கதவைத் திறந்தவர் 'ஓம் ஓம்' என்று தலையை ஆட்டினால் அவள் முகத்தில் ஒரு கவலை வரும். 'இல்லை' என்றால் முகம் தெளிந்துவிடும். வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகிற ஒருத்திக்கு இது தலைகீழான குணம்தான். ஆனால் நான் அவளோடு திரிந்த அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள்.

அவளுடைய பெயரை நான் எழுதவில்லை. கேட்காமல் ஒருவருடைய பெயரை ஓரிடத்தில் எழுதுவது அவளுக்குப் பிடிக்காத காரியம். கேட்கலாம் என்றால் அவள் பிறகு மேற்குப் பக்கம் போய்விட்டாள். விலாசம் என்னிடம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து டோர்செட் பார்க்கில் ஒரு உயரமான கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். நான், என் கணவர், இரண்டு மகன்மார். நான் வீட்டிலிருந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பேன். வெளியே போய் நாலு பேரோடு கதைக்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அந்த வருசம் ஒரு கட்சிக்குப் புதுத் தலைவரைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் கட்சி உறுப்பினர்கள் ஒரு கூட்டத்தில் கூடி வாக்குப் போடுவார்கள். எந்தப் போட்டியாளருக்கு அதிக வாக்கோ, அவருடைய ஆட்கள் பெரிய மாநாட்டுக்குப் போவார்கள். எங்கள் தொகுதிக் கூட்டம் முதல் வாரத்திலேயே வந்தது. முதல் நாலைந்து கூட்டங்களில் விழுந்தவர் பிறகு எழும்ப மாட்டார் என்று சொன்னார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் உறுப்பினராகலாம் என்பதால் எங்கள் கட்டடத்துக் கதவுகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது.

முதல் நாள் அவள் வந்தபோது நான் குசினிக்குள் நின்றேன். கதவைத் திறந்தது என் கணவர். அவர் வாசலில் நிற்கும் யாருக்கும் மறுத்துச் சொல்லி நான் கண்டதில்லை.

"ஓம் பிள்ளை, ஓம். எங்கட வீட்டில நாலு வோட்டும் உங்களுக்குத்தான். எழுதுங்கோ."

"நல்லது அண்ணை. நாலு பேரையும் ஒருக்காக் கூப்பிடுங்கோ."

"ஏன்? நான் சொல்லுறன்தானே."

"நீங்கள் சொன்னது உங்கட ஓம் அண்ணை. அதையும் நான் அரை ஓம் எண்டுதான் எழுதியிருக்கிறன்."

மகன்மார் வேலைக்குப் போயிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்புக்கு மேல் பெரிய ஆம்பிளைக் கோட்டு. கையில் கிளிப்போர்ட். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள். நான் கணவரைப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். சும்மா ஒரு சடங்குக்குக் கேட்டுவிட்டு நிற்பவர்கள் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, "நான் இன்னொருக்கா வாறன்" என்று போய்விட்டாள்.

"விசர்ப் பெட்டை," என்றார் என் கணவர். "குடுக்கிறதை வாங்கத் தெரியேல்லை."

என்னை ஒருவர் என்ன சொல்லுகிறாய் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றது எனக்குப் புதுசாக இருந்தது. அன்று தைத்த சட்டைகளில் இரண்டைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டி வந்தது.

அவள் மூன்று தரம் வந்தாள். மூன்றாம் தரம் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தன்னோடு மற்ற வீடுகளுக்கு வரமுடியுமா என்று கேட்டாள்.

"எனக்குக் கதைக்க வராது பிள்ளை."

"கதைக்க வேண்டாம் அக்கா. பக்கத்தில நிண்டால் காணும். ரெண்டு பொம்பிளையள் நிண்டால் கதவைச் சாத்துறவைக்கு ஒரு நிமிசம் கூடச் செல்லும்."

அப்படித்தான் நான் போனேன். அவளுக்குக் காலையில் ஒரு ஹொட்டேலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. கைகள் இரண்டும் வெந்த மாதிரிச் சிவந்திருக்கும். மூன்று மணிக்கு வேலை முடிய நேரே எங்கள் கட்டடத்துக்கு வருவாள். மேல் மாடியிலிருந்து படியால் இறங்கி இறங்கி வருவோம். ஏறுவதற்கு மட்டும் எலிவேட்டர்.

பதினொன்றாம் மாடியில் ஒரு அன்ரி எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, சுடச்சுட உழுந்து வடை தந்தார். "கட்டாயம் வருவம் பிள்ளை. குடும்பத்தோட வருவம். நீ யோசியாத." வெளியே வந்ததும் அவள் அன்ரியின் பெயருக்கு நேரே 'வரமாட்டினம்' என்று எழுதினாள். எனக்கு வாயெல்லாம் இன்னும் வடையின் ருசி.

"ஏன் பிள்ளை, அவ அவ்வளவு அன்பாச் சொன்னவ."

"வரப்போற ஆக்கள் எத்தினை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த பஸ் எண்டு கேப்பினம் அக்கா. அவ ஒண்டும் கேக்கேல்லை. வராத குறைக்கு வடை தந்தவ. நல்ல மனிசி."

அடுத்த கதவில் ஒருவர் பனியனோடு நின்று ஏசினார். அரசியல்காரர் எல்லாரும் கள்ளர், நீங்கள் அவங்களின்ர எடுபிடியள், இஞ்ச வந்தும் இந்த விளையாட்டோ என்று தொடங்கி நெடுநேரம் பொரிந்தார். நான் அவளின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் 'ம்' கொட்டிக் கேட்டாள். முடிந்ததும் கும்பிட்டுவிட்டு வந்து, 'வருவார்' என்று எழுதினாள்.

"உவரோ?"

"அவ்வளவு நேரமும் கதவைச் சாத்தேல்லையே அக்கா. நெஞ்சுக்குள்ள இருக்கிறதை ஆரும் கேக்கேல்லை எண்ட கோவம். கூட்டத்துக்கு முதல் ஆளா வருவார், பாருங்கோ."

அப்படியே வந்தார். பனியனுக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அவள் வாக்குக் கேட்ட போட்டியாளரின் தேர்தல் கந்தோர் ஒரு பிளாசாவில், மூடிக் கிடந்த சப்பாத்துக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பொறுப்பாக இருந்தவர் ஒரு நெடிய வெள்ளைக்காரர். சுவரில் பெரிய அட்டை ஒட்டி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேரே எத்தனை ஓம் என்று எழுதியிருப்பார். மற்ற வொலன்ரியர்மார் இருநூறு, இருநூற்றைம்பது என்று கொண்டுவருவார்கள். அவர்களும் எங்கள் ஆட்கள்தான். கதவடியில் சிரித்துச் சொன்ன எல்லா ஓமையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் சனம் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாது, அந்தக் கை நிரப்புகிற ஓம் அது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எழுதினார்கள். இவள் கொண்டுபோவது நாற்பது, ஐம்பது. அவர் ஒருநாள் ஏன் உன் கட்டடம் இவ்வளவு மோசம் என்று கேட்டார்.

"மை நோ இஸ் குட் நோ, சேர்," என்றாள் அவள்.

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அவளுக்கு இந்த வேலையில் ஏன் இவ்வளவு பிடிப்பு என்று ஒருநாள் படிக்கட்டில் இளைப்பாறும்போது கேட்டேன். அவளுடைய தாய் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மூன்று வருசமாகத் தனியே இருந்தார். இங்கே கூப்பிடுவதற்குப் போட்ட பத்திரம் அசையவில்லை. இந்தப் போட்டியாளர் ஒரு பெண்மணி, ஒரு கூட்டத்தில் பெற்றோரைக் கூப்பிடுகிற வரிசையைச் சுருக்குவேன் என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிய இவள் முண்டியடித்துப் போய், மெய்யாகச் செய்வீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் கையைப் பிடித்து ஓம் என்றாராம்.

"செய்வாவோ பிள்ளை?"

"தெரியாது அக்கா. சொல்லேக்க கண்ணைப் பாத்துத்தான் சொன்னவ. நான் முக்கால் ஓம் எண்டு எழுதி வைச்சிருக்கிறன்."

முக்கால் ஓமுக்காக அவள் அந்தப் படிகளை எல்லாம் இறங்கினாள்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கந்தோருக்கு எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் வந்தார். பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் போனவர். நல்ல சூட்டு. மேசையில் ஒரு கட்டுப் படிவத்தை வைத்தார். எழுபது உறுப்பினர், எல்லாம் நிரப்பிக் கையெழுத்து வைத்தது. இரண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவேன் என்றார். நெடிய வெள்ளைக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். அந்த எழுபதோடு வெற்றி முடிந்த காரியம்.

அவள் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எழுபது பேரின் கையெழுத்தும் ஒரு சிலரின் கையால் வைத்தது. அது அவளுக்கு மட்டுமில்லை, எனக்கே தெரிந்தது.

"அண்ணை, இவையளை ஒருக்காக் கேட்டிட்டு வாறன்."

"என்னத்தைக் கேக்கிறது? எல்லாம் எங்கட ஊர்ச்சனம். எங்கட சனத்தை நாங்கள் கேக்க வேணுமோ?"

"எங்கட சனத்தைத்தான் அண்ணை கேக்க வேணும். மற்றச் சனம் தானாச் சொல்லும்."

அவர் சிரித்தார், பிள்ளை பகிடி விடுகிறது என்று நினைத்து.

எழுபதில் பெரும்பாலானோர் எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் இருந்தார்கள். கதவைத் தட்டிப் படிவத்தைக் காட்டினால் சிலர் முழித்தார்கள். சிலர் கணவரைப் பார்த்தார்கள். பதினாறாம் மாடியில் ஊரில் தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ர மகன்ர கை. எனக்கும் சேத்து வைச்சிட்டானோ? நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டான் போல." பிறகு, "யோசிச்சுச் சொல்லுறன்," என்று கதவைச் சாத்திவிட்டார். அவள் 'வரமாட்டார்' என்று எழுதினாள்.

ஒன்பதாம் மாடிக்கு வந்தோம். என் வீட்டுக் கதவை நானே திறந்தேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தேன். என் கணவர் சோபாவில் இருந்து ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இது உங்கட கையெழுத்தோ?"

என் பெயர் இங்கிலிஸில், ஒரே இழுப்பில், அழகாக எழுதியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் கையெழுத்தைத் தமிழில்தான் வைப்பேன். ஒவ்வொரு எழுத்தாக, தாள் கிழிந்துவிடுகிற மாதிரி அழுத்தி. ரீவியின் சத்தம் குறைந்தது. அவர் திரும்பவில்லை, காதைக் கொடுத்தபடி இருந்தார். ஓம் என்றால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இல்லை என்றால் சங்கத்திலே அவருக்குத் தலைகுனிவு. கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருசத்தில் அவர் முன்னால் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள் முதல் நாள் நின்ற மாதிரியே அசையாமல் இருந்தாள். எனக்கு உதவி செய்யவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"இல்லை," என்றேன்.

"என்ன கதை இது?" என்றார் அவர். "நான் வைச்சால் என்ன, நீர் வைச்சால் என்ன?"

அவள் பேனையை எடுத்தாள். அந்தத் தாளில் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். பையிலிருந்து வெறும் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். "விருப்பமெண்டால் வையுங்கோ அக்கா. வைக்காட்டியும் நான் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் போவன்."

நான் வைத்தேன். முடிக்க நேரம் எடுத்தது. அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கறிக்கு உப்புக் காணாது என்றார். அதோடு சரி.

எழுபதில் பதினொரு பேர் தாங்களே புதிதாகக் கையெழுத்து வைத்தார்கள். மிச்சம் ஐம்பத்தொன்பதையும் அவள் கோடு போட்டு, கந்தோரில் எல்லோரும் பார்க்கச் சங்கத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் முகம் கறுத்துப் போய்விட்டது. "நீர் ஆருக்கு வேலை செய்யிறீர்? எங்களுக்கோ, அவைக்கோ?" என்று கேட்டுவிட்டு, அன்றே மற்றப் போட்டியாளரின் கந்தோருக்குப் போனார். அவர்களிடம் புதுப் படிவம் வாங்கி, தானே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஊர்ப் பெரிய மனிதர் வாசலில் வந்து நின்றால் யார் மறுப்பது? ஐம்பத்தொன்பது பேரும் வைத்தார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர்.

அன்று எலிவேட்டருக்குள் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா அந்த அறைக்குள்ள தனிய இருக்கிறா அக்கா. நான் வந்த வோட்டைத் திருப்பிக் குடுத்திட்டு நிக்கிறன். பிழை விட்டிட்டனோ?"

இல்லை என்று ஆறுதல் சொல்லலாம். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியாது பிள்ளை," என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த மாடியில் இறங்கி அடுத்த கதவைத் தட்டினாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு உயர்பள்ளியின் விளையாட்டு மண்டபத்தில். நாங்கள் இரண்டு பேரும் லோரன்ஸ் பஸ்ஸில் போனோம். தலைவரின் ஆட்கள் இரண்டு மஞ்சள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என் கணவர் இரண்டாவது பஸ்ஸில் வந்தார். என்னைக் கண்டு, யாரோ தெரிந்த மனிசியைக் கண்ட மாதிரித் தலையசைத்தார். தலைவர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "ரெண்டாவது பேர், மறந்திடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

அவள் காலையிலேயே ஒரு துண்டுத் தாளை மடித்து நெடிய வெள்ளைக்காரரிடம் கொடுத்திருந்தாள். எண்பத்தொன்று. தன் பக்கத்துக்கு விழப்போகும் வாக்கு. மற்றப் பக்கத்துக்கு அதைவிடக் கூட வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் தாளைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அட்டைப்பெட்டி மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். நான் அந்த மறைப்புக்குப் பின்னால் தேவையைவிடக் கூட நேரம் நின்றேன். எனக்கு அந்த இடம் பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு எண்ணி முடித்து வாசித்தார்கள். எங்கள் பக்கம் நூற்றுமூன்று. மற்றப் பக்கம் தொண்ணூற்றாறு.

மண்டபம் கத்தியது. நெடியவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் சிரிக்கவில்லை. "பிழையா எண்ணிப்போட்டினம். இன்னொருக்கா எண்ணச் சொல்லுங்கோ," என்றாள். மற்றப் பக்கத்தில் ஊர்ச் சங்கத் தலைவரும் எழுந்து அதையேதான் கேட்டார். வென்றவளும் தோற்றவரும் சேர்ந்து திரும்ப எண்ணச் சொன்ன கூட்டத்தை நான் அன்றுதான் கண்டேன். திரும்ப எண்ணினார்கள். நூற்றுமூன்று.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்திரண்டு பேர் அக்கா," என்றாள். "அந்த மஞ்சள் பஸ்ஸில வந்த இருபத்திரண்டு பேரை நான் பிழையா வாசிச்சிருக்கிறன்."

"வெண்டிட்டம் பிள்ளை."

"ஓம். ஆனா அவையள் எனக்குப் போட வந்திருக்கினம். நான் அவையளைப் போடமாட்டினம் எண்டு எழுதி வைச்சிருந்தனான்."

அடுத்த நாள் வேலை முடிய அவள் கிளிப்போர்ட் இல்லாமல் வந்தாள். அந்த ஐம்பத்தொன்பது பேரின் கதவுகளுக்கும் போக வேண்டும் என்றாள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அதனால் எல்லாக் கதவிலும் ஒரே கதைதான் சொன்னாள். "நான் உங்களைப் பற்றி எனக்குள்ள ஒரு முடிவு எழுதி வைச்சிருந்தனான். அது பிழையா இருக்கலாம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." சனம் திகைத்துப் போனது. வென்றவர்கள் இனிப்புக் கொண்டுவருவார்கள், மன்னிப்புக் கொண்டுவந்தவளைக் கண்டதில்லை. ஒரு மனிசி கணவருக்குத் தெரியாமல் அவள் கையை அழுத்தினார். என் கணவர் அவளை உள்ளே வந்து இருக்கச் சொன்னார். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பதினாறாம் மாடித் தபால் அதிபர் கதையைக் கேட்டுவிட்டு, "என்னைப் பற்றி என்ன எழுதினனீ?" என்றார்.

"வரமாட்டியள் எண்டு ஐயா."

"வந்தனான். ஆனா உனக்குப் போடேல்லை. உன்ர ஆளை எனக்குப் பிடிக்காது."

அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்களை உள்ளே கூப்பிட்டார். அவளுடைய தாயின் கதையை முழுக்கக் கேட்டார். "கொம்மா வந்தால் எனக்குச் சொல்லு," என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் வாக்குக் கேட்ட அந்தப் பெண்மணி மாநாட்டில் இரண்டாம் சுற்றோடு நின்றுபோனார். வரிசையை ஒருவரும் சுருக்கவில்லை. தாய் தன் முறை வந்தபோதுதான் வந்து சேர்ந்தார். அதற்கு இன்னும் நாலு வருசம் எடுத்தது. அதற்குள் அவள் எங்கள் கட்டடத்துக்கே குடிவந்திருந்தாள். தாய் வந்த கிழமை நான் போய்த் தபால் அதிபருக்குச் சொன்னேன். அவர் சூட்டுப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். தாய் மகளின் கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு யன்னலடியில் இருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தோம். பிரயாணத்தைப் பற்றிக் கதைத்தோம். பிறகு தபால் அதிபர் அந்த அம்மாவின் பக்கம் குனிந்து சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அம்மா, இஞ்ச வர உங்களுக்கு விருப்பமோ எண்டு ஆரும் உங்களைக் கேட்டவையோ?"

அந்த அம்மா மகளைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார்.

"இல்லை ஐயா. கேக்கேல்லை."

அவள் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். ஏழு வருசமாகத் தாய்க்காகப் பத்திரம் நிரப்பியவள், எங்கள் கட்டடத்தின் எல்லாக் கதவிலும் நின்று கேட்டவள். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, வந்து தாயின் காலடியில் இருந்தாள். பிறகு, "அம்மா, இப்ப கேக்கிறன்," என்றாள். அவள் எப்படிக் காத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இராத்திரி முழுக்க வேண்டுமானாலும் அப்படியே இருப்பாள்.

அந்த அம்மா என்ன மறுமொழி சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் தபால் அதிபரின் கையைத் தொட்டேன். இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினோம்.